எழுத்தும் இடமும்

உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டில், சென்ற வருஷத்துக் கல்யாணப் பத்திரிகைகள் ஒரு கட்டாக இருக்கும். அவற்றில் ஒன்றை எடுத்து எதிரே விரித்து வைத்துக்கொண்டு இந்தக் கட்டுரையைப் படிக்கும்படி வேண்டுகிறேன்.

பத்திரிகையின் உச்சியில் குலதெய்வத்தின் பெயர் வளைவாக நிற்கிறது. அதன் கீழே பெரியவர்களின் ஆசி. பிறகு பாட்டனார், பெரியப்பா, மாமா, அவரவர் பட்டங்கள், அவரவர் உத்தியோகம். ஒரு பெயர் தடித்த எழுத்தில். மற்றொன்று சாய்ந்த எழுத்தில். வேறொன்று நிழல் போட்ட எழுத்தில். எல்லாம் சரிதான். கல்யாணப் பெண்ணின் பெயர் எங்கே? சற்றுத் தேட வேண்டியிருக்கிறது. முகூர்த்த நேரம் எங்கே? இன்னும் சற்றுத் தேட வேண்டியிருக்கிறது. எந்த மண்டபம் என்பது ஒரு மூலையில் பொடி எழுத்தில் ஒளிந்துகொண்டிருக்கிறது. பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேரும் ஒரே சமயத்தில் உரக்கப் பேசினால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது அந்தக் காகிதம். எல்லோரும் பேசுகிறார்கள், ஒருவர் பேச்சும் காதில் விழவில்லை.

யார் முதலில் பேசுவது, யார் மெல்லப் பேசுவது, எங்கே எல்லோரும் மௌனமாயிருப்பது என்று காகிதத்தின் மேல் ஒழுங்கு செய்வதற்கு ஒரு வித்தை இருக்கிறது. 'கிராபிக் டிஸைன்' என்று அதை வழங்குகிறார்கள். வரைகலை என்று தமிழில் சொல்லலாம். இந்த வித்தையைக் கலாசாலையில் மூன்று நான்கு வருஷம் படிக்கிறார்கள் என்பதே எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் தெரியாது. என் மாணவி ஒருத்தியின் மூலமாகத்தான் தெரிந்துகொண்டேன்.

இரண்டு மதிப்பெண்

நான் காவேரிக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் போதிக்கும் உபாத்தியாயன். அந்தப் பெண் என் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருந்தாள். விடைத்தாளில் 'பேரலை' என்று எழுதினால், அவளுடைய 'லை' மற்ற எழுத்துக்களுக்கு மேலே எழும்பி நிற்கும். 'பள்ளம்' என்று எழுதினால் நடு எழுத்து வரிக்குக் கீழே இறங்கிவிடும். ஒருநாள் சிவப்பு மையால், "பரீட்சைத் தாள் கோலம் போடும் இடமன்று" என்று ஓரத்தில் எழுதி, இரண்டு மதிப்பெண்களைக் குறைத்தேன். அதை அவள் மறக்கவில்லை என்பதைப் பிற்பாடுதான் அறிந்தேன்.

அவளுடைய தகப்பனார் எங்கள் ஊரில் ஒரு சிறிய அச்சகத்தில் கம்பாஸிடராக இருந்தவர். ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கையிலுள்ள ஸ்டிக்கில் கோத்து, வரியாக்கிப் பக்கமாக்குவது அவர் தொழில். ஆப்செட் இயந்திரமும் கம்ப்யூட்டரும் வந்த பிறகு, டிரெடில் அச்சு பழைய இரும்பு விலைக்குப் போயிற்று, எழுத்துக்கள் உருக்கப்பட்டன. அவர் ஒரு பைண்டிங் கடையில் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை ஒட்டும் வேலைக்குப் போனார்.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் அவர் என்னிடம் யோசனை கேட்க வந்தார்.

"ஸார், வடக்கே ஏதோ டிஸைன் காலேஜாம். பரீட்சை எழுதி இடம் வாங்கிட்டா. பாங்கியிலே கடன் தர்றேங்கறாங்க. அது எழுத்து சம்பந்தப்பட்ட படிப்பாம். எழுத்தை நம்பித்தான் நானும் இருந்தேன். அது என்னைக் கைவிட்டுருச்சு. இவளையும் அதிலேயே விடலாமா?"

கணக்குப் பதிவியலில் சேர்த்துவிடும்படி நான் ஆலோசனை சொன்னேன். வேறென்ன சொல்லத் தோன்றும்? அந்தப் பெண் என் ஆலோசனையைக் கேட்கவில்லை. கடன் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள்.

நான்கு சதுரங்கள்

முதல் விடுமுறையில் ஊருக்கு வந்தவள், பள்ளிக்கூடத்துக்கு வந்து என்னைப் பார்த்தாள். கையில் ஒரு சுருள். பிரித்தால், உள்ளே வெள்ளைத் தாள்களில் சில கறுப்புச் சதுரங்கள், அவ்வளவுதான்.

"இதற்கா அம்மா இவ்வளவு பணம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். ஒரே அளவுள்ள நான்கு கறுப்புச் சதுரங்களைக் கொடுக்கிறார்கள். அவற்றைத் தாளின் மேல் எப்படியும் வைக்கலாம். ஆனால் அந்த வைப்பிலேயே 'நெருக்கடி' என்ற பொருள் தோன்ற வேண்டும். மற்றொரு தாளில் 'தனிமை'. மற்றொன்றில் 'ஒழுங்கு'. வேறொன்றில் 'வீழ்ச்சி'. படம் வரையக் கூடாது; சொல் எழுதக் கூடாது.

தாள்களை மறுபடியும் பார்த்தேன். மூன்று சதுரங்கள் ஒரு பக்கம் நெருங்கியிருக்க, நாலாவது எதிர் மூலையில், தாளின் விளிம்பை ஒட்டி நின்றது. வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை முதல் நாள் நிற்பது போல நின்றது. சதுரத்தில் தனிமை இல்லை. நடுவில் இருந்த வெள்ளையில் இருந்தது. மற்றொரு தாளில் ஒரு சதுரம் மட்டும் சற்றே சாய்ந்து, கீழ்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. அதைப் பார்த்ததும் கையை நீட்டிப் பிடிக்கத் தோன்றியது.

"இதைத்தான் ஸார் கம்போஸிஷன் என்கிறார்கள். அப்பா செய்த வேலைக்கும் அதே பெயர்தானே!" என்றாள்.

லைப்ஸிக் நகரத்துப் பையன்

இந்தப் பாடமுறை நேற்று முளைத்ததல்ல. ஜெர்மனியில் வைமார் நகரத்தில் 1919-ல் 'பௌஹௌஸ்' என்ற கலைப்பள்ளி தோன்றியது. நாற்காலி, விளக்கு, துணி, கட்டிடம், அச்செழுத்து எல்லாவற்றையும் ஒரே கண்ணால் பார்க்கக் கற்றுக்கொடுத்த பள்ளி அது. மாணவன் எந்தத் தொழிலுக்குப் போகிறவனாயினும், முதலில் புள்ளி, கோடு, சதுரம், வட்டம் இவற்றோடு பழக வேண்டும். அங்கே மாணவராயிருந்து ஆசிரியரான ஹெர்பர்ட் பையர், 1925-ல் பெரிய எழுத்தே இல்லாத ஓர் எழுத்து வரிசையைத் திட்டமிட்டார். ஒரே ஒலிக்குப் பெரிய எழுத்து ஒன்று, சிறிய எழுத்து ஒன்று என்று இரண்டு உருவம் எதற்கு என்பது அவர் கேள்வி. நமக்கோ அந்தச் சங்கடம் ஆதியிலேயே இல்லை! நாஜிகளின் நெருக்கடியால் 1933-ல் பௌஹௌஸ் மூடப்பட்டது.

லைப்ஸிக் நகரில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் ஒருவருக்கு 1902-ல் ஒரு மகன் பிறந்தான். யான் சிஹோல்ட் என்பது பெயர். தகப்பனாரின் தூரிகைக்குப் பக்கத்திலேயே வளர்ந்து, எழுத்துக்கலையை முறையாகப் பயின்றார். 1923-ல் வைமாரில் நடந்த பௌஹௌஸ் கண்காட்சியைப் பார்த்ததும் அவருக்கு உலகமே புதிதாகத் தோன்றியது. பக்கத்தின் நடுவில் வரிகளை அடுக்குவதைக் கைவிட்டார், அலங்காரங்களை விட்டொழித்தார். 1928-ல் 'புதிய அச்சுக்கலை' என்ற நூலை எழுதி, அச்சகத் தொழிலாளர்களுக்குப் புது விதிகளை வகுத்தார். 1933-ல் நாஜிகள் அவரைக் கைது செய்தார்கள். சில வாரங்களில் விடுதலையானவர், குடும்பத்தோடு சுவிட்ஸர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். தாம் வகுத்த விதிகளிலிருந்த பிடிவாதம், தம்மைச் சிறையிலிட்டவர்களின் பிடிவாதத்தை ஒத்திருந்தது என்று அவருக்கே தோன்றிவிட்டது! அதை மறைக்காமல் எழுதினார். புத்தகங்களுக்குப் பழைய அமைதியான அமைப்பே பொருந்தும் என்று திரும்பி வந்தார். 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பெங்குவின் புத்தகங்களைத் திருத்தி அமைத்தபோது, கம்பாஸிடர்களுக்கென்று அவர் எழுதிய விதிகள் நான்கே பக்கம். சொல்லுக்குச் சொல் எவ்வளவு இடம் விடுவது, முற்றுப்புள்ளிக்குப் பிறகு எவ்வளவு விடுவது என்பன போன்ற சின்ன விஷயங்கள்தான். காலணா விலைப் புத்தகமானாலும் அழகாயிருக்கலாம் என்பதை அந்தச் சின்ன விஷயங்கள் நிரூபித்தன.

பொற்கிண்ணமா, கண்ணாடிக் கிண்ணமா?

இரண்டாம் வருஷம் அந்தப் பெண்ணுக்கு ஒரு புதிய பாடம் வந்தது. எழுத்தையே பேச வைப்பது. ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். கறுப்பு மை ஒன்றுதான். ஒரே எழுத்துரு. சித்திரம் கூடாது. சொல்லின் பொருள், அதன் எழுத்துக்கள் நிற்கும் நிலையிலேயே விளங்க வேண்டும்.

அவள் 'மழை' என்ற சொல்லை எடுத்து, எழுத்துக்களைத் துளித்துளியாகச் சாய்வாக விழச் செய்தாள். ஆசிரியை பார்த்துவிட்டு, "அழகாயிருக்கிறது. ஆனால் பிரான்ஸில் அப்போலினேர் என்ற கவிஞர் நூறு வருஷத்துக்கு முன்பே இந்த மழையைப் பெய்வித்துவிட்டாரே!" என்றாராம். 1918-ல் வெளிவந்த அப்போலினேரின் தொகுதியில், மழையைப் பற்றிய கவிதையின் வரிகள் பக்கத்தின் மேலிருந்து கீழே சாய்ந்து வடிகின்றன. அதற்கும் முன்னால், 1865-ல் வெளியான ஆலிஸ் கதையில், எலி சொல்லும் கதை எலியின் வாலைப் போலவே நெளிந்து நெளிந்து சிறுத்துப் போகிறது.

இதைக் கேட்டபோது, தமிழாசிரியனாகிய எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. நம்மிடம் சித்திரகவி இல்லையா? தண்டியலங்காரம் இலக்கணமே சொல்கிறதே! இரண்டு பாம்புகள் பின்னிக் கிடக்க, அவை குறுக்கிடும் இடத்திலுள்ள எழுத்து இரண்டு பாட்டுக்கும் பொதுவாக நிற்கும் நாகபந்தம். ஒன்று முதல் ஏழு வரை எண்கள் ஏறி இறங்கித் தேரின் தட்டுக்களாக அமையும் எழுகூற்றிருக்கை. அதைச் சம்பந்தரும் பாடினார், திருமங்கையாழ்வாரும் பாடினார். 'வெறும் வார்த்தை ஜாலம்' என்று இவற்றை வகுப்பில் இரண்டே நிமிஷத்தில் தாண்டிவிடுவது என் வழக்கம். எழுத்துக்கு ஓசை மட்டுமன்று, இடமும் உண்டு என்று அந்தப் புலவர்கள் கண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. கடிதம் எழுதி அவளுக்கு இதையெல்லாம் தெரிவித்தேன்.

அவள் அடுத்தபடியாக 'மௌனம்' என்ற சொல்லை எடுத்தாள். எழுத்துக்களை மிக மெலிதாக்கி, மெய்யெழுத்தின் புள்ளியை மட்டும் கரிய வட்டமாக நிறுத்தினாள். எழுத்தின் ஒலியை அடக்குவது புள்ளிதானே! நல்ல யுக்திதான். ஆனால் வகுப்பில் ஒருவராலும் சொல்லைப் படிக்க முடியவில்லை.

இங்கேதான் இந்தக் கலையின் பெரிய வழக்கு எழுகிறது. 1930-ல் பியாட்ரிஸ் வார்ட் என்ற அம்மையார், லண்டனில் அச்சுக் கலைஞர்கள் சபையில் ஒரு பிரசங்கம் செய்தார். நல்ல பானத்தைப் பொற்கிண்ணத்தில் ஊற்றுவீர்களா, தெளிந்த கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றுவீர்களா என்று கேட்டார். பானத்தின் நிறத்தை அறிந்தவன் கண்ணாடியைத்தான் எடுப்பான். அதுபோல், கருத்தை மறைக்காத அச்சே நல்ல அச்சு என்பது அவர் கட்சி. எதிர்க்கட்சியும் பலமானதே. 1964-ல் பாரிஸில் மாஸின் என்பவர், அயனெஸ்கோவின் நாடகம் ஒன்றை அச்சில் அமைத்தபோது, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வொரு வகை எழுத்தைக் கொடுத்தார். பாத்திரங்கள் கூச்சலிட்டால் எழுத்துக்களும் கூச்சலிட்டன. ஸ்டட்கார்ட்டில் கம்பாஸிடராகத் தொழில் பழகிய வொல்ப்காங் வைன்கார்ட், 1968 முதல் பாஸல் நகரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்து, விதிகளை அறிந்த பிறகு எவ்வளவு தூரம் மீறலாம் என்று மாணவர்களோடு சேர்ந்து பரிசோதித்தார்.

இரு கட்சிக்கும் நியாயம் உண்டு. மருந்துச் சீட்டும் ரயில் அட்டவணையும் கூத்தாடக் கூடாது. நாடகச் சுவரொட்டி கைகட்டி நிற்கவும் கூடாது. எந்த இடத்தில் எது என்று அறிவதுதான் படிப்பு.

தமிழ் எழுத்தின் உடல்வாகு

இந்தப் படிப்பில் தமிழ் மாணவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. பாடப் புத்தகங்கள் எல்லாம் ரோமன் எழுத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. நம் எழுத்துக்களின் உடல்வாகு வேறு. 'கீ' தலைக்கு மேலே சுழிக்கிறது; 'ரு' இடுப்புக்குக் கீழே இறங்குகிறது; ஆகவே வரிக்கு வரி அதிக இடம் வேண்டும். 'ட' சிக்கனமானது, 'ஞ', 'ண' போன்றவை இரண்டு பேர் இடத்தைக் கேட்பவை. நம் சொற்களும் ஒன்றோடொன்று சேர்ந்து நீளும். ஒடுங்கிய பத்தியில் இருபுறமும் ஒழுங்காக அடைக்கப் பார்த்தால், ஒரு வரியில் இரண்டே சொற்கள் நின்று, நடுவில் வெள்ளை ஆறு ஓடும்.

இந்தக் கஷ்டம் பழையது. 1578-லேயே கொல்லத்தில் தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாயிற்று. பிற்பாடு 1713-ல் ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தபோது, அவை மிகப் பெரியனவாக இருந்தன. காகிதமோ கடல் கடந்து வர வேண்டிய அருமைப் பொருள். ஆகவே சீகன்பால்குவும் அவர் தோழர்களும் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்க்கச் செய்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் அச்சேறியது. எழுத்தின் அளவைக் காகிதத்தின் விலை நிர்ணயித்தது!

அந்தப் பெண்ணின் தகப்பனார் தொழில் பழகிய காலத்தில் பெட்டியில் பழைய 'னா', 'றா' சுழியோடும், பழைய 'லை', 'ளை' யானைத் துதிக்கை போன்ற வளைவோடும் மிச்சமிருந்தனவாம். பெரியார் 1935 முதலே தம் 'குடி அரசு' இதழில் வழங்கிய சீர்திருத்தத்தைத் தழுவி 1978-ல் தமிழ்நாட்டு அரசு உத்தரவு பிறப்பித்தது. அறைகள் குறைந்தன, கம்பாஸிடரின் கை நடக்கும் தூரமும் குறைந்தது.

தொட்டில்

சென்ற கோடை விடுமுறையில் அவள் மூன்றாவது முயற்சியோடு வந்திருந்தாள். அவர்கள் வீட்டுத் திண்ணையில் நான் உட்கார்ந்திருந்தேன். தகப்பனார் பைண்டிங் கடையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார். விரலில் பசை காய்ந்திருந்தது.

அவள் எடுத்துக்கொண்ட சொல் 'தொட்டில்'. அதன் முதல் எழுத்தைக் கவனித்துப் பாருங்கள். இடப்பக்கம் ஒரு கொம்பு, வலப்பக்கம் ஒரு கால், நடுவில் 'த'. அவள் கொம்பையும் காலையும் உயரமாக, சற்றே விலக்கி நிறுத்தியிருந்தாள். நடுவிலிருந்த 'த' மட்டும் சின்னஞ்சிறிதாக, வரியிலிருந்து சற்று இறங்கி, இரண்டு தூண்களுக்கும் இடையே தொங்கியது. மற்ற எழுத்துக்களை ஒன்றும் செய்யவில்லை. அவை தம்பாட்டில் நின்றன. பார்த்த கணத்தில் சொல்லும் விளங்கிற்று, குழந்தையும் தெரிந்தது. உலகத்தில் எத்தனையோ மொழிகளில் தொட்டிலுக்குச் சொல் இருக்கலாம். இந்தத் தொட்டிலைத் தமிழ் எழுத்தே கட்டித் தந்தது.

தகப்பனார் தாளை வாங்கினார். அதைத் தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். தவறிப் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன், அல்ல. ஈய எழுத்து ஸ்டிக்கில் தலைகீழாகத்தான் நிற்கும். இருபது வருஷம் அப்படியே படித்துப் பழகிய கண். தலைகீழாகப் பார்க்கும்போது பொருள் மறைந்து, உருவமும் இடமுமே மிஞ்சும்.

நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஏம்மா, ரெண்டு பக்கமும் ஒரே இடம் விட்டிருக்கியா?" என்று கேட்டார்.

"ஆமாம் அப்பா. அளந்துதான் விட்டேன்."

"அளவு சரியா இருக்கும். கண்ணுக்குச் சரியா இல்லே. 'த'வுக்கு இடமும் வலமும் ஒரே மாதிரி உடம்பு இல்லியே. காலை ஒரு நூல் வெளியே தள்ளிப் பாரு. புள்ளே இடிக்குது."

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து, காலை ஒரு நூல் தள்ளினாள். மூவரும் பார்த்தோம். தொட்டிலில் காற்று வந்தது போலிருந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, "இந்தப் பெட்டியிலே ஈயத் தகடு போடற மாதிரி வரிக்கு நடுவிலே இடம் கூட்ட முடியுமா?" என்று விசாரித்தார். முடியும் என்று அவள் காட்டினாள். இருட்டும் வரையில் தகப்பனும் மகளும் எழுத்துக்களைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பாங்கிக் கடன் இன்னும் அப்படியே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். படிப்பு முடிந்ததும் வேலை கிடைக்குமா, கிடைத்தாலும் அதில் தமிழ் எழுத்துக்கு இடமிருக்குமா என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அன்று நான் சொன்ன ஆலோசனை பணத்தைப் பொறுத்தமட்டில் தவறு என்று இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனால், ஈயத்தோடு உருகிப் போயிற்று என்று அந்த மனிதர் நினைத்திருந்த ஒன்று உருகவில்லை என்பதை நான் கண்ணால் கண்டேன்.

சென்ற தை மாதம் என் தங்கை பெண்ணுக்குக் கல்யாணம். பத்திரிகையை அவர்கள் இருவரிடமும் ஒப்படைத்தோம். பெண்ணின் பெயரும் பிள்ளையின் பெயரும் நடுவில், சுற்றிலும் தாராளமான வெள்ளையோடு நின்றன. நாளும் நேரமும் மண்டபமும் அடுத்தபடி. உறவினர் பெயர்கள் எல்லாம் ஒரே அளவில், ஒழுங்காக, கீழே. என் ஒன்றுவிட்ட பெரியப்பா தம் பெயர் தடித்த எழுத்தில் இல்லையென்று மூன்று நாள் பேசவில்லை. ஆனால் முகூர்த்தத்துக்கு எல்லோரும் சரியான மண்டபத்துக்குச் சரியான நேரத்தில் வந்து சேர்ந்தார்கள், பெரியப்பாவும் வந்தார்.

உங்கள் எதிரே விரித்து வைத்திருக்கும் பத்திரிகையை இனி மடித்து வைக்கலாம். வீட்டில் நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுத்துக்களை ஏற்றியும் இறக்கியும் விளையாடும் குழந்தை ஒன்று இருந்தால், கண்டிப்பதற்கு முன்னால், தாளை ஒரு தடவை தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்து வருகிறேன். சிவப்பு மை சற்றுக் குறைவாகவே செலவாகிறது.